உறவினர் வீட்டுப் பயணத்துக்கு பாஸ் போட்டையும் இழுத்துப் போகலாமா? முடிவெடுக்க முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் நீண்ட வார இறுதிக்கு அக்கா வீட்டுக்கோ மச்சான் வீட்டுக்கோ கிளம்பும்போது, டிரைவ்வேயில் நிற்கும் பாஸ் போட் (ஏரியில் பாஸ் மீன் பிடிப்பதற்கான தாழ்வான மோட்டார் படகு) கண்ணில் பட்டால் "இதையும் கட்டிக்கிட்டுப் போயிடலாமே" என்று தோன்றத்தான் செய்யும். படகு புதிதாக வாங்கியவர்கள் உடனே தேடுவது தங்கள் வண்டியின் இழுதிறனை. வண்டி இழுக்கும் என்று தெரிந்ததும் முடிவு எடுத்தாயிற்று என்று நினைக்கிறார்கள். பிறகு மூன்று நாளும் படகு ஒரு டிரைவ்வேயிலிருந்து இன்னொரு டிரைவ்வேக்கு இடம் மாறியதோடு சரி.

இழுதிறன் நான்காவதாகப் பார்க்க வேண்டிய விஷயம். அதற்கு முன்னால் இருக்கும் மூன்று கேள்விகளுக்கும் பணம் கொடுத்துத் தீர்வு காண முடியாது. ஆனால் ஒரு போன் அழைப்பில் பதில் கிடைத்துவிடும். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் போங்கள். எந்தப் படியில் "இல்லை" என்று வருகிறதோ அங்கேயே நிறுத்திவிட்டு நேராக 12-ஆம் படிக்குப் போய்விடலாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு போட்டோக்களைப் போனில் எடுத்து வையுங்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எடை ஸ்டிக்கர், டிரெய்லர் நாக்கில் (வண்டியோடு சேரும் முன்நீட்டத்தில்) இருக்கும் எடைத் தகடு, படகுக்குள் இருக்கும் கொள்ளளவுத் தகடு, டிரெய்லர் டயரின் பக்கச்சுவர். இவற்றோடு படகு, டிரெய்லர் இரண்டின் பதிவுத்தாள், இன்சூரன்ஸ் தாள், 30 அடி டேப் ஒன்று. நினைவிலிருந்து எடை சொல்பவர்கள் பெரும்பாலும் விற்பனை விளம்பரத்தில் பார்த்த எண்ணைத்தான் சொல்கிறார்கள். அது வெறும் கூட்டின் எடை.

1. தண்ணீரில் இருக்கப்போகும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

பயண நாட்களை எண்ணாதீர்கள், தண்ணீரில் கழியும் மணிகளை எண்ணுங்கள். போகும் நாளையும் திரும்பும் நாளையும் முதலில் கழியுங்கள். பிறந்தநாள், கிரகப்பிரவேசம், கோயில், எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் மதியம் என்று ஏற்கெனவே பேசி வைத்ததைக் கழியுங்கள். மிஞ்சுவது பெரும்பாலும் சில காலைப்பொழுதுகள்தான்.

ஒரு காலையில் நான்கு மணி நேரம் மீன்பிடிக்க வேண்டுமானால், வீட்டிலிருந்து சுமார் ஆறு மணி நேரம் விலகியிருக்க வேண்டும். ஏரிக்கு அரை மணி, படகை இறக்க இருபது நிமிடம், திரும்ப ஏற்றித் துடைத்து வடிக்க அரை மணி, மீண்டும் வீட்டுக்கு அரை மணி. காலை ஐந்துக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குத் திரும்பலாம். அந்த வீட்டில் பதினொன்று வரை உங்களை யாரும் தேட மாட்டார்களா என்பதை வாழ்க்கைத்துணையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

அடுத்து, படகால் கூடும் நேரத்தைக் கூட்டுங்கள். இழுத்துக்கொண்டு போகும்போது பயண நேரம் ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். கிளம்பும் முன் தயாரிப்புக்கு நான்கு மணி நேரம், திரும்பி வந்து கழுவி அடுக்க இரண்டு மணி நேரம். இந்த ஆறு மணி நேரம் தூரம் குறைந்தாலும் குறையாது.

டல்லாஸிலிருந்து அட்லாண்டாவுக்கு ஏறக்குறைய 780 மைல். படகு இல்லாமல் பன்னிரண்டு மணி நேரம் என்றால் படகோடு பதினான்கரை. போக வர ஐந்து மணி நேரம் கூடுகிறது; தயாரிப்பையும் சேர்த்தால் பதினொன்று. அங்கே கிடைப்பது இரண்டு காலை, அதாவது எட்டு மணி நேரம். எட்டு மணி நேர மீன்பிடிப்புக்குப் பதினொரு மணி நேர வேலை: விட்டுவிட்டுப் போங்கள். அதே படகை டல்லாஸிலிருந்து ஹூஸ்டனுக்கு வடக்கே கான்ரோ ஏரிக்கு இழுத்தால், கூடுவது போக வர சுமார் ஒன்றரை மணி, தயாரிப்போடு ஏழரை. மூன்று காலை கிடைத்தால் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீரில். இது தகும்.

மூன்று காலைக்குக் குறைவாக இருந்தால் எங்கள் பதில் எப்போதும் "வேண்டாம்"தான். முதல் காலை அந்த ஏரியைப் புரிந்துகொள்ளவே போய்விடும். ஒரு காலை மழையோ காற்றோ எடுத்துக்கொள்ளும்.

2. தங்கப்போகும் வீட்டுக்குப் போன் செய்யுங்கள்

"படகு கொண்டு வரலாமா?" என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். உறவு அப்படி. அதனால் சம்மதத்தைக் கேட்காமல் அளவைக் கேளுங்கள்: "அக்கா, உங்க டிரைவ்வே கேரேஜ் கதவிலிருந்து நடைபாதை வரைக்கும் எத்தனை அடின்னு டேப் வச்சு அளந்து சொல்றீங்களா? படகு நின்னா உங்க ரெண்டு காரும் வெளிய எடுக்க முடியுமா?"

20 அடி படகு டிரெய்லர் நாக்கு, மோட்டார் எல்லாம் சேர்த்து 25 முதல் 27 அடி வரும். நாக்கு மடங்கும் வகை என்றால் இரண்டு அடிக்கும் மேல் குறையும். புறநகர் வீடுகளில் டிரைவ்வே பெரும்பாலும் அந்த நீளத்துக்கு இருக்காது. நடைபாதையை மறித்து நின்றால் அபராதம்.

அளவு சரியாக வந்தாலும் வீட்டு உரிமையாளர் சங்க விதி இருக்கிறது. எச்.ஓ.ஏ. உள்ள பல குடியிருப்புகளில் வெளியே தெரியும்படி படகு நிறுத்தவே கூடாது, அல்லது ஓரிரு நாள்தான் அனுமதி. கடிதம் வருவது உங்களுக்கு அல்ல, அக்காவுக்கு. வண்டியிலிருந்து கழற்றிய டிரெய்லரைத் தெருவில் நிறுத்துவதையும் பல நகரங்கள் தடை செய்துள்ளன.

வீட்டில் இடம் இல்லையென்றால் பக்கத்தில் படகு நிறுத்தும் சேமிப்பகம், ஏரிக்கரை மரினா, முகாம் மைதானம் ஆகியவற்றைக் கேட்கலாம். ஆனால் அது வீட்டிலிருந்து இருபது நிமிடத்துக்கு மேல் என்றால் முதல் படியின் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

3. படகில் யார் ஏறப்போகிறார்கள்?

"பசங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போய் ஒரு ரவுண்டு அடிக்கலாம்" என்பதுதான் படகைக் கொண்டு போகப் பெரும்பாலானோர் சொல்லும் காரணம். பாஸ் போட் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பக்கவாட்டு உயரம் குறைவு, நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது, வசதியாக உட்கார இரண்டு மூன்று பேருக்குத்தான் இடம். கொள்ளளவுத் தகட்டில் ஐந்து பேர் என்று போட்டிருந்தாலும், ஓடும்போது இருக்கையில் அமரக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று தனியாக எண்ணுங்கள். முன்தளத்து உயர நாற்காலியில் யாரையும் உட்காரவைத்துக்கொண்டு வேகமாக ஓட்டக் கூடாது.

13 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் படகு ஓடும்போது லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. மாநிலத்துக்குத் தனி விதி இருந்தால் அதுவே செல்லும். ஜாக்கெட்டைக் குழந்தையின் எடை பார்த்து எடுக்க வேண்டும். உறவினர் குழந்தைகளின் எடையைக் கேட்டு அளவெடுத்து வாங்காமல், பெரியவர்கள் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே போகும், குழந்தை கீழே நழுவும்.

மெமோரியல் டே, ஜூலை 4, லேபர் டே வார இறுதிகளில் அட்லாண்டாவுக்கு வடக்கே உள்ள லேனியர் போன்ற ஏரிகளில் பெரிய குரூஸர்கள் எழுப்பும் அலைகள் நாள் முழுக்க ஓயாது. பழக்கமில்லாதவர்களைத் தாழ்வான படகில் ஏற்றிக்கொண்டு போக அது நல்ல நாள் இல்லை. மொத்தக் குடும்பமும் தண்ணீரில் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், அங்கேயே தட்டையான தளமும் இருக்கைகளும் உள்ள பான்டூன் படகு வாடகைக்கு எடுங்கள்.

4. எடைக் கணக்கு

பலர் தடுக்கி விழும் இடம் இது. தடுக்குவது இழுதிறனில் இல்லை, வண்டியின் சுமைத்திறனில்.

முதலில் படகின் உண்மையான எடை. 20 அடி ஃபைபர்கிளாஸ் படகு ஒன்றுக்கு ஏறத்தாழ இப்படி வரும்: கூடு 2,000 பவுண்டு, 225 குதிரைத்திறன் அவுட்போர்டு 500, டிரெய்லர் 1,200, நாற்பது கேலன் பெட்ரோல் 240, நான்கு லெட்-ஆசிட் பேட்டரி 220, டிரோலிங் மோட்டாரும் (படகை மெதுவாக நகர்த்தும் சிறு மின்மோட்டார்) நங்கூரமும் 100, ராடு, ரீல், லூர் (செயற்கை இரை) பெட்டிகள் 250. மொத்தம் 4,510 பவுண்டு. விளம்பரத்தில் இருந்த 2,000 இரண்டு மடங்குக்கும் மேலாகிவிட்டது. 17 அடி அலுமினியப் படகு என்றால் இதில் பாதி அளவில் முடிந்துவிடும்.

இதில் பத்து சதவீதம் அளவுக்கு, அதாவது 400 முதல் 450 பவுண்டு, டிரெய்லர் நாக்கு வழியாக வண்டியின் பின்பக்கத்தில் இறங்கும். நாக்கில் எடை குறைந்தால் டிரெய்லர் நெடுஞ்சாலையில் வாலாட்டும். மிகுந்தால் வண்டியின் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிமானம் குறையும்.

இப்போது கதவுச் சட்டத்து ஸ்டிக்கர். 5,000 பவுண்டு இழுக்கும் ஒரு நடுத்தர எஸ்.யூ.வி.யில் பயணிகளும் சாமான்களும் சேர்த்து 1,200 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் 650, பெட்டிகள் 200, ஐஸ் பெட்டியும் தின்பண்டமும் 60, ஹிட்ச் (வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் அமைப்பு) கம்பி 30, நாக்கு எடை 430. மொத்தம் 1,370. இழுதிறனில் 490 பவுண்டு மிச்சம் இருக்கிறது. ஆனால் வண்டியோ 170 பவுண்டு கூடுதல் சுமையில் ஓடுகிறது. தனியாக ஏரிக்கு இழுத்துப் போகும்போது ஒரு குறையும் சொல்லாத வண்டி, குடும்பத்தோடு போகும்போது பின்னால் குந்தி, பிரேக் பிடித்தால் தாமதமாக நிற்பது இதனால்தான்.

பெரும்பாலான மினிவேன்களின் இழுதிறன் 3,500 பவுண்டுதான். அலுமினியப் படகுக்குப் போதும், ஃபைபர்கிளாஸுக்குப் போதாது. எலெக்ட்ரிக் வண்டி என்றால் ஒரு சார்ஜில் போகும் தூரம் பாதி அளவுக்குக் குறையும். பல சார்ஜிங் நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றினால்தான் உள்ளே நிறுத்த முடியும். குழந்தைகளோடு அதைச் செய்து பார்க்க ஆசைப்படாதீர்கள்.

ஹிட்சையும் பாருங்கள். இரண்டாம் வகுப்பு 3,500 பவுண்டு வரை, மூன்றாம் வகுப்பு 5,000 பவுண்டும் சிலவற்றில் அதற்கு மேலும். ஹிட்ச், பால் (டிரெய்லர் நாக்கு உட்காரும் உலோக உருண்டை), அந்த உருண்டையை மாட்டும் கம்பி, வண்டி நான்கிலும் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

சந்தேகம் இருந்தால் எடை போட்டுவிடுங்கள். நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்களில் உள்ள கேட் ஸ்கேலில் சுமார் 15 டாலருக்கு அச்சுவாரியாகச் சீட்டு தருவார்கள். படகோடு ஒருமுறை, படகைக் கழற்றி வைத்துவிட்டு வண்டி மட்டும் ஒருமுறை ஏறுங்கள். வண்டியின் இரு அச்சுகளிலும் வரும் எடை வித்தியாசம்தான் உண்மையான நாக்கு எடை. குடும்பத்தையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போய் எடை போட வேண்டும். காலி வண்டியை நிறுத்தி எடை போட்டு நிம்மதியாகத் திரும்புவதில் பயனில்லை.

கணக்கு இடித்தால் படகின் பெட்ரோல் டேங்கைக் காலியாக்கிக்கொண்டு போய் அங்கே நிரப்பலாம், லைவ்வெல்லில் (பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டி) ஒரு சொட்டு இல்லாமல் வடிக்கலாம் (ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு), தேவையில்லாத லூர் பெட்டிகளை வீட்டில் விடலாம். சூட்கேஸ்களைப் படகுக்குள் வைப்பது மட்டும் வேண்டாம். அந்த எடை பின்பக்கம் போனால் நாக்கு லேசாகி வாலாட்டத்தில் முடியும். மழை வந்தால் துணியும் நனையும். இரண்டு வண்டியாகப் போனால் சரியாகிவிடும் என்று கணக்கு வந்தால், படகு வேண்டாம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

5. வழியில் வரும் மாநிலங்களின் விதிகள்

போய்ச் சேரும் மாநிலத்தின் விதியை மட்டும் பார்ப்பது போதாது. கடந்து போகும் ஒவ்வொரு மாநிலத்தையும் பாருங்கள்.

டிரெய்லர் பிரேக்: பல மாநிலங்களில் மொத்த எடை 3,000 பவுண்டைத் தாண்டினால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். கலிபோர்னியாவில் அந்த எல்லை 1,500, டெக்சாஸில் 4,500. அகலம் 102 அங்குலம் வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை; பாஸ் போட்கள் அதற்குள் அடங்கிவிடும். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு வேக எல்லை 55 மைல். நியூயார்க்கின் பார்க்வேக்களிலும் கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயிலும் டிரெய்லருக்கு அனுமதி இல்லை. போன் வழிகாட்டி இதை அறியாமல் உங்களை அதற்குள் அனுப்பிவிடும். எடிசனிலிருந்து ஹார்ட்ஃபர்ட் போவதென்றால் பாதையைக் கையால் போட்டு வையுங்கள்.

மஸ்ஸல் சிப்பி: ஜீப்ரா, குவாகா சிப்பிகள் பரவாமல் இருக்க மேற்கு மாநிலங்கள் கடுமையாக இருக்கின்றன. ஐடஹோ, மொன்டானா, யூட்டா, வயோமிங் வழியாகப் போனால் திறந்திருக்கும் படகுப் பரிசோதனை நிலையங்களில் நிற்காமல் போகக் கூடாது. 2024 அக்டோபரில் கலிபோர்னியா டெல்டாவில் கோல்டன் மஸ்ஸல் தென்பட்ட பிறகு, அந்த மாநிலத்தின் பல நீர்த்தேக்கங்கள் வெளியிலிருந்து வரும் படகை 30 நாள் வரை காத்திருக்க வைக்கும் விதிகளைக் கொண்டுவந்தன. நான்கு நாள் பயணத்துக்கு இதற்கு மேல் தெளிவான "இல்லை" கிடையாது. ஆகவே ஏரியின் பெயரைச் சொல்லி அதை நிர்வகிக்கும் அலுவலகத்திடம் நேரடியாகக் கேளுங்கள்.

மின்னசோட்டா உட்படப் பல மாநிலங்களில் வடிகால் பிளக்கைக் கழற்றி வைத்துத்தான் படகைச் சாலையில் இழுக்க வேண்டும். எங்கே போனாலும் அதையே பழக்கமாக்கிவிடுங்கள். கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பே கடைசி மீன்பிடிப்பை முடித்து, எல்லா மூடிகளையும் திறந்து உலரவிட்டால் பரிசோதனையில் வேலை சுலபம்.

படகுப் பதிவு வேறு மாநிலத்தில் பொதுவாக 60 நாள் செல்லும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். மீன்பிடி லைசென்ஸ் அப்படி இல்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் வெளிமாநிலத்தவர் லைசென்ஸ் தனியாக வாங்க வேண்டும், படகில் தூண்டில் பிடிக்கும் ஒவ்வொரு பெரியவருக்கும். ஜார்ஜியாவில் 16 வயதிலிருந்து தேவை, டெக்சாஸில் 17-லிருந்து. குறுகிய காலத்துக்கான லைசென்ஸ் பெரும்பாலான மாநிலங்களில் உண்டு.

6. செலவை எழுதிப் பாருங்கள்

அதே 780 மைல். போக வர 1,560. வண்டி தனியாக கேலனுக்கு 20 மைல் கொடுத்தால் 78 கேலன். படகோடு 13 மைல் என்றால் 120 கேலன். கூடுதல் 42 கேலன், கேலன் 3.25 டாலர் என்றால் சுமார் 136 டாலர். பயணம் ஒரே நாளில் முடியாமல் வழியில் தங்கினால் இரண்டு இரவு ஹோட்டல். சுங்கச்சாலையில் அச்சுக்கு அச்சு காசு. எல்லாம் சேர்ந்து 400 டாலரை நெருங்கும்.

அந்த ஏரியை நன்கு அறிந்த மீன்பிடி வழிகாட்டி ஒருவரை, அவருடைய படகோடு, இரண்டு பேருக்கு அரை நாள் அமர்த்த பொதுவாக 300 முதல் 500 டாலர் ஆகும். உங்கள் இரண்டு காலைகளும் அவருடைய ஒரு காலையும் ஏறக்குறைய ஒரே விலை. தெரியாத ஏரியில் யார் கையில் மீன் அதிகம் வரும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ்: இழுக்கும்போது அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு வண்டியின் பாலிசி பொதுவாக வரும், படகுக்கும் டிரெய்லருக்கும் ஏற்படும் சேதத்துக்கு வராது. படகுப் பாலிசியில் எந்தெந்தப் பகுதிக்குள் செல்லும் என்று எல்லை போட்டிருக்கலாம். சாலை உதவித் திட்டம் வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு டிரெய்லரை ஓரத்தில் விட்டுவிடும் வகையா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

7. முடிவை ஒரு தேதிக்குள் எடுங்கள்

கிளம்புவதற்குப் பதினைந்து நாள் முன்பே ஆம், இல்லை சொல்லிவிட வேண்டும். காரணம் டயர். டிரெய்லர் டயர் உங்கள் அளவில் கடையில் இல்லாமல் வரவழைக்க வேண்டியிருக்கலாம். பேரிங், சீல் செட்டும் அப்படித்தான். முந்தின வாரம் "சரி, எடுத்துட்டே போவோம்" என்று முடிவெடுப்பவர்கள் பழைய டயரோடு கிளம்புகிறார்கள்.

8. பதினைந்து நாள் வேலைகள்

டயரின் பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். ஐந்தாறு ஆண்டு ஆகியிருந்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள். படகு டயர் தேய்ந்து போவதைவிட வெயிலில் நின்று உள்ளே இற்றுப்போவதுதான் அதிகம். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, பக்கச்சுவரில் எழுதிய அதிகபட்ச அளவுக்கு நிரப்புங்கள். குறைந்த காற்றால் சுவர் வளைந்து வளைந்து சூடாகித்தான் பெரும்பாலான டயர்கள் வெடிக்கின்றன. டயரின் வேகக் குறியையும் பாருங்கள். குறி இல்லாத எஸ்.டி. (டிரெய்லருக்கென்றே செய்த) டயரை 65 மைலுக்கு மேல் ஓட்ட வேண்டாம்.

பேரிங் பார்க்க, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தாலோ, கையால் சுற்றும்போது மணல் அரைக்கும் சத்தம் வந்தாலோ பிரித்து மாற்ற வேண்டும். பழைய கிரீஸ் பால் நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. கன் வைத்துப் புதுக் கிரீஸை அடித்துத் தள்ளினால் சரியாகாது, சீல் போய்விட்டது.

ஸ்டெப்னி, அதற்குப் பொருந்தும் ரெஞ்ச், டிரெய்லர் அச்சுக்கு அடியில் நுழையும் பாட்டில் ஜாக்கி, அதற்கு அடியில் வைக்க ஒரு பலகை, கிரீஸ் போட்டுத் தயாராக வைத்த ஒரு முழு ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்). கார் ஜாக்கி போதும் என்று நினைக்காதீர்கள். வீட்டு வாசலிலேயே ஒருமுறை அதை வைத்துச் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

விளக்கு: இடது இண்டிகேட்டர் போட்டால் வலது விளக்கும் மங்கலாக மின்னுகிறதா? பல்பை மாற்றாதீர்கள், முதலில் வெள்ளை எர்த் ஒயர் சட்டத்தில் சேரும் இடத்தைச் சுரண்டி இறுக்குங்கள். சர்ஜ் பிரேக் (டிரெய்லர் வண்டியை முன்னால் தள்ளும்போது தானாகப் பிடிக்கும் பிரேக்) உள்ள டிரெய்லருக்கு ஐந்து பின் இணைப்பு வேண்டும். ஐந்தாவது ஒயர்தான் ரிவர்ஸ் எடுக்கும்போது பிரேக் பிடிக்காமல் தடுப்பது. நான்கு பின் அடாப்டர் போட்டால் முன்னால் நன்றாகப் போகும். அக்கா வீட்டு ஏற்றமான டிரைவ்வேயில் பின்னால் ஏற்றும்போது மட்டும் நகராது.

9. கிளம்பும் காலை: மாட்டும் வரிசை

ஹிட்ச் பாலில் அச்சிட்டிருக்கும் அளவையும், நாக்கின் நுனியில் அதைக் கவ்வும் கப்ளரில் உள்ள அளவையும் ஒப்பிடுங்கள். பாஸ் போட் டிரெய்லர்களில் பெரும்பாலும் 2 அங்குலம். 1⅞ அங்குல பாலிலும் 2 அங்குலக் கப்ளர் உட்கார்ந்துகொள்ளும், பூட்டும்கூட விழும். முதல் பள்ளத்தில் துள்ளி வெளியே வரும்.

கப்ளரை இறக்கிப் பூட்டி, பின்னைப் போட்ட பிறகு, நாக்கு ஜாக்கியைச் சில சுற்று மேலே ஏற்றிப் பாருங்கள். வண்டியின் பின்பக்கம் கூடவே எழும்பினால் பிடித்திருக்கிறது. பிறகு சங்கிலிகளை நாக்குக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றால் நாக்கு தரையில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும். டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் கேபிளைச் சங்கிலியோடு சேர்க்காமல் தனியாக மாட்டுங்கள். அதற்குப் பின் மின் இணைப்பு.

படகில்: முன் பட்டையும் சங்கிலியும், பின்னால் டிரான்சத்தில் (மோட்டார் மாட்டும் பின்சுவர்) இரண்டு பட்டைகள், மோட்டாருக்குக் கீழே டிரான்சம் சேவர் தடி. டிரோலிங் மோட்டாரை அதன் தாங்கியில் பூட்டியதோடு விடாமல் பட்டையும் போடுங்கள், நூற்றுக்கணக்கான மைல் குலுங்கினால் பூட்டு திறந்துகொள்ளும். நாற்காலிகளைக் கழற்றி உள்ளே வையுங்கள். ஃபிஷ் ஃபைண்டர் திரைகளைக் கழற்றி வண்டிக்குள். பெட்டி மூடிகளைக் கையால் இழுத்துப் பாருங்கள். பிளக் வெளியே, மெயின் சுவிட்ச் அணைந்து.

10. சாலையில்

முதல் 25 மைலில் நிறுத்துங்கள். பட்டைகள் அந்தத் தூரத்துக்குள் தளரும். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் லக் நட்டுகளை டார்க் ரெஞ்சால் 50 மைலில் மீண்டும் பாருங்கள்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லா ஹப்களையும் புறங்கையால் தொடுங்கள். இளஞ்சூடு இயல்பு. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால், அது அந்தப் பக்கம் பிரேக் ஒட்டிக்கொண்டதாகவோ பேரிங் போவதாகவோ இருக்கும். கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கேயே நில்லுங்கள். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் நல்லது. அதிலும் பார்க்க வேண்டியது ஹப்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைத்தான்.

டிரெய்லர் வாலாட்டத் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பிச் சரிக்கட்டாதீர்கள். நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். நின்ற பிறகு எடை எங்கே நகர்ந்தது என்று பாருங்கள். டென்னசியில் ஐ-24 நெடுஞ்சாலையில் வரும் மான்டீகிள் போன்ற நீண்ட சரிவில் இறங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். பாதிச் சரிவில் குறைத்தால் பிரேக் ஏற்கெனவே சூடாகியிருக்கும்.

குழந்தைகளின் பாத்ரூம் நிறுத்தங்களை டிரக் ஸ்டாப்களாகவே திட்டமிடுங்கள். ஹாம்பர்கர் கடை டிரைவ்-த்ரூவுக்குள் நுழைந்துவிட்டால் பின்னால் எடுக்க வழியில்லை. இரவு ஹோட்டல் என்றால் முன்பதிவு செய்யும்போதே 45 அடிக்கு மேல் நேராக உள்ளே போய் நேராக வெளியே வரும் இடம் இருக்கிறதா என்று வரவேற்பு மேசையில் கேளுங்கள். விளக்கும் கேமராவும் உள்ள இடத்தில் நிறுத்தி, கப்ளருக்கும் ஹிட்ச் பின்னுக்கும் பூட்டு.

11. போய்ச் சேர்ந்ததும்

கோடைகாலத்துத் தார் டிரைவ்வேயில் நாக்கு ஜாக்கியின் சிறிய பாதம் பள்ளம் போட்டுவிடும். ஒரு அகலப் பலகை வைத்த பிறகே இறக்குங்கள். சக்கரங்களுக்குக் கட்டை முதலில், கப்ளரைத் திறப்பது பிறகு.

பேட்டரி சார்ஜரைக் கேரேஜ் சாக்கெட்டில் மாட்டும் முன், அதே சர்க்யூட்டில் ஃப்ரீசர் ஓடுகிறதா என்று கேளுங்கள். மூன்று நான்கு பேட்டரி சார்ஜரும் ஃப்ரீசரும் சேர்ந்தால் இரவில் டிரிப் ஆகும். காலையில் உங்கள் பேட்டரி ஏறியிருக்காது; விருந்துக்கு வாங்கி வைத்த இறைச்சியும் கெட்டிருக்கும். மெலிதான நீட்டிப்பு ஒயரும் வேண்டாம், 12 கேஜ் கொண்டு போங்கள்.

அங்கே பெட்ரோல் நிரப்பும்போது பம்பில் இ15 என்று போட்டிருந்தால் படகுக்கு ஆகாது. 10 சதவீத எத்தனால் வரைதான்.

படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவான ரேம்ப்பை அடைந்ததும் பதினைந்து இருபது நிமிடம் ஹப் ஆறட்டும். சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அந்த இடைவெளியில் பிளக்கைப் போடுங்கள், பட்டைகளைக் கழற்றுங்கள், எஞ்சின் கட்-ஆஃப் கயிற்றை (ஓட்டுநர் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது) மாட்டி வையுங்கள். 26 அடிக்குக் குறைந்த படகுகளில் ஓடும்போது அந்தக் கயிறு ஓட்டுநரோடு இணைந்திருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் கூட்டாட்சி விதி.

12. படகை விட்டுவிட்டுப் போவதென்றால்

இரண்டாக மூன்றாகப் பிரியும் பயண ராடு இரண்டு, ஒரு ஸ்பின்னிங் ரீல், ஒரு பெயிட்காஸ்டர், உள்ளங்கையில் அடங்கும் ஒரு லூர் பெட்டி. இவை ஒரு பெட்டியின் ஓரத்தில் அடங்கும். போலரைஸ்டு கண்ணாடியையும் உங்கள் சொந்த லைஃப் ஜாக்கெட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைப் படகில் கொடுப்பது அரிதாகத்தான் பொருந்தும்.

வழிகாட்டியை அமர்த்துவதென்றால் வசந்தகால வார இறுதிகள் வெகு முன்பே நிரம்பிவிடும், வார நாள் காலை கிடைப்பது எளிது. பேசும்போது மூன்றைக் கேளுங்கள்: காற்று பலமாக இருந்தால் தேதி மாற்றுவாரா, முன்பணம் திரும்புமா, பத்து வயதுப் பையனை மூன்றாம் ஆளாகக் கூட்டி வரலாமா. லைசென்ஸை அவர் வாங்கித் தர மாட்டார். முந்தின இரவே மாநில இணையதளத்தில் வாங்கி, போனில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பல ரேம்ப்களில் சிக்னல் இருக்காது.